குப்பை என்று எறிவதற்கு முன்...



தீபாவளிக்கு வீடு துப்புரவு செய்யும் காலம் வந்துவிட்டால் எங்கள் குனோங் ராபாட் குடியிருப்புகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். வாசல்தோறும் கறுப்பு நெகிழிப் பைகள் வரிசையாக நிற்கும். பழைய நாளிதழ், உடைந்த நாற்காலி, சாயம் போன திரைச்சீலை ஆகியவற்றோடு பிள்ளைகளின் பொருள்களும் அந்தப் பைகளுக்குள் போய்விடும். சோடாப் புட்டி மூடிகள், பழத்தில் ஒட்டியிருந்த சிறு வில்லைகள், தேய்ந்துபோன பென்சில் துண்டுகள், பேருந்துச் சீட்டுகள், மலையடிவாரத்தில் பொறுக்கிய கற்கள், ரப்பர் கொட்டைகள்! "எதுக்குடா இந்தக் குப்பையெல்லாம்?" என்று அம்மா கேட்பார். பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாது. பதில் வராத காரணத்தால் பொருள் பைக்குள் போய்விடும்.

அந்தப் பிள்ளையின் சார்பில் இன்று சில சொற்கள் எழுத விரும்புகிறேன். அதற்கு முன் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் எறிந்த டின்

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படிப்பை முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. வேறொரு வட்டாரத்துப் பள்ளியில் நான்காம் ஆண்டு வகுப்புக்கு ஆசிரியையாக இருந்தேன். பாடத்திட்டத்தை முடிப்பது, பயிற்சிப் புத்தகங்களைத் திருத்துவது, வகுப்பை அமைதியாக வைத்திருப்பது ஆகிய மூன்றும்தாம் நல்லாசிரியரின் இலக்கணம் என்று நம்பியிருந்த காலம்.

அவ்வகுப்பில் ஒரு மாணவன். வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன். கேட்டாலொழியப் பேசமாட்டான். நாள்தோறும் புத்தகப்பையில் வட்டமான பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவருவான். பாடவேளையில் மேசைக்கு அடியில் அதைத் திறந்து பார்ப்பான். ஒருநாள் அந்த டின் கைதவறி விழுந்தது. ரப்பர் கொட்டைகளும் புட்டி மூடிகளும் என்னென்னவோ தகடுகளும் வகுப்பறையெங்கும் உருண்டோடின. மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். நான் சினந்தேன். எல்லாவற்றையும் பொறுக்கச் செய்து, டின்னைப் பறிமுதல் செய்து, ஆசிரியர் அறை அலமாரியில் வைத்தேன். "தவணை முடியும்போது தருகிறேன்" என்று சொன்னேன். தவணை முடிந்தது. நான் மறந்துவிட்டேன். ஆண்டிறுதியில் ஆசிரியர் அறையைத் துப்புரவு செய்தபோது அந்த டின்னை என் கையாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன்.

பள்ளியின் கடைசி நாளன்று அவனுடைய தாயார் வந்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"டீச்சர், அந்த டின்னுக்குள்ள எங்கம்மாவோட நம்பர் தகடு இருந்துச்சி. தோட்டத்துல பால் வாளியில கட்டி வெச்சிருந்தது. அவங்க ஞாபகமா வீட்டுல வேற ஒன்னுமே இல்ல டீச்சர். இவன்தான் கேட்டு வாங்கி வெச்சிக்கிட்டான்."

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. அவர்கள் வாழ்ந்த தோட்டம் கைமாறிப் போய், லயங்கள் இடிக்கப்பட்டு, பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டன. அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டனர். எஞ்சியிருந்தது ஓர் எண் மட்டுமே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்ற ஒரு மூதாட்டியின் எண். அதை அவள் பேரன் ரப்பர் கொட்டைகளோடு சேர்த்து வைத்திருந்தான். இரண்டும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை என்று ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. வகைப்படுத்தக் கற்றுக்கொடுக்கும் எனக்குத் தெரியவில்லை.

தாயாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அம்மாணவனிடம் கேட்க முடியவில்லை. சனவரியில் பள்ளி திறந்தபோது அவன் வேறு பள்ளிக்கு மாறிப் போயிருந்தான்.

இன்றளவும் என்னை உறுத்துவது, நான் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதுதான். "இது என்ன? உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டிருந்தால், நான்கு வரி வாசிக்கத் திணறிய அந்தப் பையன் அரைமணி நேரம் பேசியிருப்பான். எந்தப் பயிற்சிப் புத்தகமும் வெளிக்கொணராத தமிழ் அன்று அவன் வாயிலிருந்து வந்திருக்கும்.

சேர்ப்பது பிள்ளைகளின் இயல்பு

பொருள்களைச் சேர்த்து வைப்பது சில பிள்ளைகளின் கிறுக்குத்தனம் என்று நினைப்பவர் உண்டு. 1900ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கரோலின் பிரியர் பர்க் என்னும் அம்மையார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் இதைப்பற்றி விசாரித்து ஓர் ஆய்வு வெளியிட்டார். மிகப் பெரும்பாலான பிள்ளைகள் எதையாவது சேர்த்துக்கொண்டுதான் இருந்தனர். எட்டு வயது முதல் பதினொரு வயது வரையில் இந்த ஆர்வம் உச்சத்தில் இருப்பதையும் அவர் கண்டார். நமது தொடக்கப்பள்ளிக் கணக்கில் இது ஏறக்குறைய இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரையிலான பருவம். தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாத காலத்தில் செய்யப்பட்ட ஆய்வாயினும், என் வகுப்பறையில் நான் காண்பதும் இதுவே.

ஒரு சான்று கூறுகிறேன். அண்மையில் என் மாணவி ஒருத்தியின் குறிப்பேட்டைக் கண்டேன். ஆப்பிள், ஆரஞ்சு, வாழை முதலிய பழங்களில் ஒட்டியிருக்கும் சிறு வில்லைகளை அதில் ஒட்டி வைத்திருந்தாள். கோயிலுக்கு அருச்சனைத் தட்டு வாங்கும்போதும், சீனப் பெருநாளுக்கு அண்டை வீட்டார் ஆரஞ்சு கொடுக்கும்போதும் முதலில் வில்லையை உரித்துக்கொள்வாளாம்! தொடக்கத்தில் வண்ணத்தின்படி ஒட்டியிருக்கிறாள். பின்னர் அதைக் கலைத்து, நாடுகளின்படி அடுக்கியிருக்கிறாள். தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, சீனா, அமெரிக்கா என்று பக்கம் பக்கமாகத் தலைப்பு. கடைசியாக ஒரு புதுமையைக் கண்டுபிடித்து என்னிடம் ஓடிவந்தாள்.

"டீச்சர், வாழைப்பழத்துக்கு எந்தக் கம்பெனி போட்டாலும் ஒரே நம்பர்தான் போடறாங்க!"

உண்மைதான். அந்த எண் 4011. கடைக்காரர் பழத்தை அடையாளங்கண்டு விலை போடுவதற்காக 1990ஆம் ஆண்டிலிருந்து பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ள நான்கு இலக்கக் குறியீடு அது. இயற்கை முறையில் விளைந்த பழமானால் முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாகும். இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் கேட்ட பிறகுதான் நானே தேடித் தெரிந்துகொண்டேன். ஒப்பிடுதல், வகைப்படுத்துதல், விதி காணுதல், விதிவிலக்கைத் தேடுதல் எனப் பாட நோக்கங்களில் நாம் எழுதிவைக்கும் திறன்கள் எல்லாம் அந்த நைந்த குறிப்பேட்டில் இருந்தன. ஒரு காசு செலவில்லை.

கொடி அழிப்பானும் பழைய நாணயமும்

என் வயதையொத்த பெற்றோர்களுக்கு நாட்டுக் கொடிகள் அச்சிட்ட அழிப்பான்கள் நினைவிருக்கும். சிறிய செவ்வக அழிப்பான். ஒரு பக்கம் கொடி, அதன் கீழ் நாட்டின் பெயர். விரல் நுனியால் அழுத்தி எம்பச் செய்து எதிராளியின் அழிப்பான்மீது நம்முடையதை ஏற்றிவிட்டால் அது நமக்குச் சொந்தம். அதைக்கொண்டு எதையும் அழித்ததாக எனக்கு நினைவில்லை. ஆயினும் வரைபடத்தில் எங்கிருக்கிறது என்றே தெரியாத நாடுகளின் கொடிகளை நாங்கள் அறிந்துகொண்டது அவ்விளையாட்டில்தான். பிரேசிலை இழந்து அழுத நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் அப்பா சில்லறைக் காசுகளைச் சேர்த்து வைப்பார். அன்று அது வெறும் சில்லறை. இன்று அது ஒரு பாடம். நம் நாட்டில் 1989ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட நாணயங்களைக் கவனித்திருக்கிறீர்களா? 5 சென்னில் பம்பரம், 10 சென்னில் சொங்காக், 20 சென்னில் வெற்றிலைப் பெட்டி, 50 சென்னில் பட்டம். சொங்காக் நமது பல்லாங்குழிக்கு உறவு. பம்பரமும் வெற்றிலைப் பெட்டியும் பட்டமும் நம் வீட்டிலும் இருந்தவையே. மலாய்க்காரப் பண்பாடும் தமிழர் பண்பாடும் எங்கெங்கே கைகோக்கின்றன என்பதை மாணவர்க்கு விளக்க அந்த நாணயங்களைவிட எளிய துணைக்கருவி எனக்குக் கிடைத்ததில்லை. கிரிஸ் பொறித்த 1 வெள்ளி நாணயம் 2005ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் செல்லாததாயிற்று. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, கடையில் தொகையை ஐந்து சென்னுக்கு முழுமையாக்கும் முறை வந்தபின் 1 சென் நாணயமும் புழக்கத்திலிருந்து மறைந்தது. இவ்விரண்டையும் என் மாணவர்களிற் பலர் கண்ணால் பார்த்ததில்லை. யாரோ ஒரு தாத்தாவின் டப்பாவில் இருந்தால்தான் உண்டு.

ஒரு ரப்பர் கொட்டையின் கதை

அந்த மாணவனின் டின்னில் அதிகம் இருந்தவை ரப்பர் கொட்டைகள். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்த்தவை அவை. வெயிற்காலத்தில் காய் வெடிக்கும் ஓசை கேட்டதும் ஓடிப்போய்ப் பொறுக்குவோம். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்து அலறச் செய்வோம். ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் குத்தி, எது உடைகிறது என்று பந்தயம் கட்டுவோம்.

அந்தக் கொட்டையின் மேலிருக்கும் பழுப்புப் புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் ஒரு செய்தி உண்டு. விதையின் மேலோடு தாய்மரத்தின் பகுதியாக உருவாவதால், ஒரே மரத்து விதைகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். எந்த வகை மரம் என்பதைக் கொட்டையின் வடிவத்தையும் புள்ளிகளையும் பார்த்தே கண்டுபிடிக்கும் முறையைத் தோட்டத்துறையினர் பயன்படுத்தினர். அன்றைக்கு என் மாணவன் தன் கொட்டைகளைச் சாயல் வாரியாகப் பிரித்து வைத்திருந்தானா என்று எனக்குத் தெரியாது. நான்தான் பார்க்கவில்லையே!

நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்த கதைக்கும் ஒரு கொட்டைச் சேகரிப்புத் தொடக்கமாக இருக்கிறது. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டுபோனார். அவற்றுள் முளைத்தவை சில ஆயிரமே. அந்த வழியில் வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது நமது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னாளில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநரான ரிட்லி, காண்கின்ற தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொல்லி வற்புறுத்துவாராம். சட்டைப்பையிலும் திணித்துவிடுவார் என்பர். 'பைத்தியக்கார ரிட்லி' என்று அவரைக் கேலி செய்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்தப் பைத்தியத்தின் விதைகள் மலாயாவின் காடுகளைத் தோட்டங்களாக்கின. அத்தோட்டங்களுக்காகத்தான் நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறினர். கையில் இருப்பது கொட்டைதானே என்று எறிந்துவிடலாம். அதை வைத்துக்கொண்டு ஒரு வரலாற்றுப் பாடத்தையும் நடத்தலாம்.

தொகை என்பது நமக்குப் புதிதன்று

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்பேன். நம் பழம்பெரும் இலக்கியத்தின் பெயரே எட்டுத்தொகை. யாரோ ஒருவர் சிதறிக் கிடந்த பாடல்களைத் தேடி, அடியளவு பார்த்து, வகை பிரித்து அடுக்கியிருக்கிறார். குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பின்னாளில் உ.வே. சாமிநாதையர் வீடுவீடாகச் சென்று பரண்மேல் கிடந்த ஏடுகளைத் தேடினார். அவர் தேடாமல் விட்டவற்றுள் எத்தனை ஏடுகள் பழங்குப்பை என்று கழிக்கப்பட்டனவோ!

இவர்களெல்லாம் புலவர்கள்; சாதாரண மனிதனின் சேகரிப்பால் என்ன பயன் என்று கேட்பீர்களானால், செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியாரைச் சொல்வேன். அவர் பேராசிரியர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தேடி வாங்கினார். அவற்றோடு நிற்கவில்லை. நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை, கடிதம் என்று பிறர் கசக்கி எறிவனவற்றையும் பாதுகாத்தார். 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் அவ்வீட்டில் இருந்தன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைகொடுத்து வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர் இன்று அந்நூலகத்தைத் தவிர்க்க முடியாது. ஒரு நாடக நோட்டீசைப் பார்த்து, "இது எதற்கு?" என்று யாராவது அவரிடமிருந்து பிடுங்கி எறிந்திருந்தால்?

இனி நம் பேராக்கிற்கு வருவோம். நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் தைப்பிங்கில் 1883இல் நிறுவப்பட்டது. கம்பாரில் ஈயச் சுரங்கத் தொழிலுக்கென ஓர் அருங்காட்சியகம் 2012இல் திறக்கப்பட்டது. ஆனால் பால்வெட்டுத் தொழிலாளியின் வீட்டுப் பொருள்களை யார் சேர்த்து வைப்பது? பால்வெட்டும் உளி, மங்கு, சம்பளச் சீட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா அறிக்கை, தோட்டப் பள்ளியின் சின்னம் எல்லாம் நம் வீட்டுப் பரணிலும் பிள்ளைகளின் டின்னிலும்தான் இருக்கின்றன. நாமே அவற்றைக் கறுப்புப் பையில் கட்டி வாசலில் வைத்துவிட்டு, நம் வரலாற்றைப் பிறர் எழுதவில்லையே என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை.

எதிர்வாதங்களும் உண்டு

இவ்வளவு சொன்னபிறகு, பெற்றோர் சிலர் என்னை மறுப்பார்கள் என்பதை அறிவேன். அவர்கள் கூற்றில் நியாயமும் இருக்கிறது.

முதலாவது, இன்றைய சேகரிப்பு பணம் விழுங்குகிறது என்பது. மெய்தான். உள்ளே என்ன பொம்மை இருக்கிறது என்று தெரியாமலேயே வாங்கும் பெட்டிகள் கடைகளில் குவிந்துள்ளன. 2024, 2025ஆம் ஆண்டுகளில் லபுபு பொம்மைக்காகப் பெரியவர்களே வரிசையில் நின்றதைக் கண்டோம். அட்டைகள் நிறைந்த உறைகளும் அப்படித்தான். எது அரிது, எது மலிவு என்பதை அங்கே தயாரிப்பாளரே தீர்மானித்துவிடுகிறார். பிள்ளைக்கு எஞ்சியிருக்கும் வேலை காசு கொடுப்பது மட்டுமே. பழ வில்லை சேர்க்கும் என் மாணவியின் தொகுப்பில் எது அரிது என்பதை அவளே தீர்மானிக்கிறாள். ஆகவே, வாங்கிச் சேர்ப்பதை நான் இங்கே பரிந்துரைக்கவில்லை. கண்டெடுப்பதையும், கேட்டுப் பெறுவதையும், மனமொத்து மாற்றிக்கொள்வதையும்தான் சொல்கிறேன்.

இரண்டாவது, தூய்மையும் பாதுகாப்பும். இதிலும் கவனம் தேவை. கறுப்புக் கண் வைத்த சிவப்புக் குன்றிமணி பார்க்க அழகு. ஆனால் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. முழுச் சிவப்பாக இருக்கும் ஆனைக்குன்றிமணி, அதாவது மலாயில் சாகா எனப்படுவது, வேறு மரம். இரண்டையும் பிள்ளைகளுக்கு வேறுபடுத்திக் காட்ட வேண்டும். ரப்பர் கொட்டையையும் பச்சையாகத் தின்னக்கூடாது. நம் குனோங் ராபாட் சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் ஒரு சிறு கல்லை எடுக்கலாம். அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைப்பதைக் காட்டினால் அறிவியல் பாடம் ஒன்று முடிந்தது. ஆனால் குகையிலிருந்து எதையும் பெயர்த்தெடுக்கலாகாது. உயிருள்ள நத்தையைத் தொடலாகாது. இத்தகைய குன்றுகளை விட்டால் வேறெங்கும் வாழாத நத்தை இனங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, படிப்பு கெடும் என்பது. பாடவேளையில் டின்னைத் திறந்தால் கெடும்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆசிரியர் அதை எடுத்து வைப்பதிலும் தவறில்லை. மணி அடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

இதை மதிப்பெண்ணாக்காதீர்

இவ்விடத்தில் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் படித்தவுடன், "நல்ல யோசனை! எல்லா மாணவரும் அடுத்த வாரம் ஒரு சேகரிப்புக் கோப்பு செய்து வர வேண்டும்" என்று அறிவித்துவிடாதீர்கள். அப்படி அறிவித்த நாளன்று மாலையே பெற்றோர் எழுதுபொருள் கடைக்கு ஓடுவார்கள். படங்களை அச்சிட்டு அழகாக வெட்டி ஒட்டித் தருவார்கள். பிள்ளை பக்கத்தில் அமர்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும். நானும் அத்தகைய கோப்புகளுக்கு ஆண்டுக்கணக்கில் மதிப்பெண் போட்டவள்தான். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இல் அகற்றப்பட்டது. ஆனால் எதைக் கண்டாலும் மதிப்பெண்ணாக மாற்றிவிடும் நம் பழக்கம் இன்னும் அகலவில்லை. யாரும் சொல்லாமல், யாருக்காகவும் இல்லாமல் பிள்ளை செய்யும் ஒரே வேலை இதுவாக இருக்கலாம். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

நாம் செய்யக்கூடியவை மிகச் சில:

1. இடம் கொடுங்கள். ஒரு டின் போதும். டின் நிரம்பினால் புதியது வர, பழையதொன்று வெளியேற வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு துண்டுத் தாள். எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது என்று பிள்ளையே எழுதட்டும். பெயர் இல்லாத பொருளைப் பத்தாண்டு கழித்து யாராலும் அடையாளம் காண முடியாது. எழுத்துப் பயிற்சிக்கும் இதைவிட இயல்பான வாய்ப்பில்லை. பிழை இருந்தாலும் சிவப்பு மையால் திருத்தாதீர்கள்.

3. காசு கொடுத்து வாங்குவதில்லை என்று ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

4. தாத்தா பாட்டியிடம் அனுப்புங்கள். "உங்களிடம் பழைய பொருள் ஏதாவது இருக்கிறதா?" என்று பேரப்பிள்ளை கேட்டால் பெட்டி திறக்கும், பெட்டியோடு வாயும் திறக்கும். தோட்டத்துக் கதைகளைக் கேட்க நமக்கு இனி அதிக ஆண்டுகள் இல்லை.

5. வகுப்பில் வாரத்திற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். விருப்பமுள்ள ஒரு மாணவர் ஒரே ஒரு பொருளைக் கொண்டுவந்து பேசட்டும். வாசிப்பில் பின்தங்கியவர்களுக்கு முதல் வாய்ப்புத் தாருங்கள். நான் சில ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன். எழுதச் சொன்னால் எழுந்து நிற்கும் பிள்ளைகள்கூடத் தங்கள் பொருளைப்பற்றிப் பேசும்போது மணியோசையைக் கவனிப்பதில்லை.

என் மேசையின் இழுப்பறையில் ஒரு வெற்றுப் பிஸ்கட் டின்னை வைத்திருக்கிறேன். வகுப்பில் எதையாவது எடுத்து வைக்க நேர்ந்தால் அதற்குள்தான் வைப்பேன். மாணவரின் பெயரை எழுதிப் போடுவேன். பள்ளி முடியும் முன் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போது, "இது உனக்கு எப்படிக் கிடைத்தது?" என்று கேட்பேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவனிடம் கேட்கத் தவறிய கேள்வி அது.

ஆகவே, பெற்றோர்களே, தீபாவளிக்கு வீட்டை நன்றாகக் கழுவித் துடையுங்கள். வேண்டாதவற்றை எறியுங்கள். பிள்ளையின் டின்னை மட்டும் கடைசிக்கு வைத்துவிட்டு, வேலையெல்லாம் முடிந்த மாலையில் பிள்ளையை அருகில் உட்காரவைத்துத் திறந்து பாருங்கள். உங்கள் தாயாரின் எண்கூட அதற்குள் இருக்கக்கூடும்.